50 லட்சத்தைத் தாண்டிய வருமானமும் அதன் வரிக் கணக்கும்: புதியவர்களுக்கான வழிகாட்டி

ஆண்டு வருமானம் 50 லட்சம் ரூபாயைத் தாண்டியதும் இந்திய வருமான வரிக் கணக்கின் போக்கே மாறிவிடுகிறது. அதுவரை 80சி (பி.எஃப்., காப்பீடு போன்ற சேமிப்புக்கான கழிவு), வீட்டுக் கடன் வட்டி என்று கழிவுகளைத் தேடி அலைந்தது போதும். இனி, எந்த வகை வருமானம், யார் பெயரில், எந்தத் தேதியில் வருகிறது என்ற மூன்றுதான் வரியை முடிவு செய்யும். பிப்ரவரியில் அவசரமாக ஒரு பாலிசி வாங்கி வரியை மிச்சப்படுத்தும் பழக்கம் இந்த அளவில் பயன்படாது. பெரும்பாலும் நஷ்டத்தில்தான் கொண்டுபோய் விடும்.

இங்கே சொல்லும் விகிதங்கள் 2025-26 நிதியாண்டுக்கானவை. பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தரப்பட்டுள்ளன. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால், அதன் பிறகு பிரிவு எண்கள் மாறும். ஆடிட்டரிடம் பேசும்போது எந்தச் சட்டத்தின் எண் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: உங்கள் கடைசி ரூபாய்க்கு எவ்வளவு வரி?

கழிவுகளைக் குறைத்து விகிதங்களையும் தாழ்த்திய புதிய வரி முறையில் 24 லட்சம் வரையிலான வருமானத்துக்கு மொத்தம் 3 லட்சம் ரூபாய் வரி, அதற்கு மேல் 30%. இதன்மேல் சர்சார்ஜ், அதாவது வரியின் மீதே விழும் கூடுதல் வரி, வருகிறது. மொத்த வருமானம் 50 லட்சத்தைத் தாண்டினால் வரியில் 10%, 1 கோடியைத் தாண்டினால் 15%, 2 கோடியைத் தாண்டினால் 25%. வரியும் சர்சார்ஜும் சேர்ந்த தொகையின் மேல் இன்னும் 4% செஸ். ஆகவே கடைசி ரூபாயின் மீது விழும் வரி முறையே 34.32%, 35.88%, 39%. கழிவுகள் நிறைய உள்ள பழைய முறையில் 5 கோடிக்கு மேல் சர்சார்ஜ் 37% ஆகி, மொத்த விகிதம் 42.744% வரை போகும். 5 கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர் புதிய முறைக்கு வருவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

மற்றவர்களுக்குப் பழைய முறையா, புதிய முறையா என்பதைச் சொல்ல ஒரே ஓர் எண் போதும். சம்பளக்காரர் என்றால் நிலைக் கழிவை (சம்பளக்காரர் எல்லோருக்கும் தானாகக் கிடைக்கும் கழிவு) தவிர்த்து 8 லட்சம் ரூபாய்க்கு மேல் கழிவுகள் இருந்தால்தான் பழைய முறை லாபம். வீட்டு வாடகைப் படி, 80சி, மருத்துவக் காப்பீடு, வீட்டுக் கடன் வட்டி எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். பெரிய நகரத்தில் அதிக வாடகை கொடுத்து, வீட்டுக் கடனும் வைத்திருப்பவர்கள் மட்டுமே இந்த எல்லையைத் தொடுவார்கள். தொழில் வருமானம் உள்ளவர் புதிய முறையை விட்டுப் பழையதற்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால், பிறகு மறுபடியும் பழைய முறைக்குப் போக முடியாது. சம்பளக்காரருக்கு ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளும் உரிமை உண்டு.

எல்லைக்கோட்டில் ஒரு பொறி இருக்கிறது. வருமானம் சரியாக 50 லட்சமாக இருந்தால் வரி 10.8 லட்சம், சர்சார்ஜ் இல்லை. 50.5 லட்சமானால் சர்சார்ஜோடு 12.045 லட்சம். 50,000 ரூபாய் கூடுதலாக வந்ததற்கு 1.245 லட்சம் கூடுதல் வரி. இந்த அநியாயத்தைத் தடுக்கத்தான் மார்ஜினல் ரிலீஃப் என்ற சலுகை. கூடுதல் வரி, கூடுதல் வருமானத்தைத் தாண்டக் கூடாது என்பதே அதன் சாரம். ஆனால் இதன் விளைவைக் கவனியுங்கள்: 50 லட்சத்துக்கும் சுமார் 51.6 லட்சத்துக்கும் நடுவே வரும் ஒவ்வொரு 100 ரூபாயும் முழுக்க வரியாகப் போகிறது. அதன்மேல் 4 ரூபாய் செஸ் வேறு. 1 கோடியைத் தாண்டிய இடத்திலும், வருமானம் முழுக்க ஸ்லாபில் (படிப்படியாக ஏறும் வழக்கமான விகிதம்) வருவது என்றால், சுமார் 1.97 லட்சம் அகலத்துக்கு இதே நிலை. ஜனவரி மாதமே ஆண்டு வருமானத்தை உத்தேசமாகக் கூட்டிப் பார்த்து, இந்தப் பள்ளத்தில் விழுவதாகத் தெரிந்தால், நிறுவனம் உங்கள் பெயரில் என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) கணக்கில் செலுத்தும் தொகையைக் கூட்டச் சொல்லலாம். புதிய முறையிலும் அடிப்படைச் சம்பளத்தில் 14% வரை இதற்குக் கழிவு உண்டு. பி.எஃப்., என்.பி.எஸ்., சூப்பர் ஆனுவேஷன் (நிறுவனத்தின் ஓய்வூதிய நிதி) மூன்றுக்கும் சேர்த்து நிறுவனம் தருவது ஆண்டுக்கு 7.5 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு வரி உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டாவது: முதலீடுகளை வரி வகைப்படி பிரித்து எழுதுங்கள்

ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடது பக்கம் ஸ்லாப் விகிதத்தில் வரி விழுபவை: வங்கி வைப்பு வட்டி, பாண்டு வட்டி, வாடகை, டிவிடெண்ட், 2023 ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கிய கடன் சார்ந்த மியூச்சுவல் ஃபண்டின் லாபம். வலது பக்கம் தனி விகிதம் உள்ளவை: பட்டியலிட்ட பங்குகளையும் ஈக்விட்டி ஃபண்டுகளையும் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் (நீண்டகால ஆதாயம்), ஆண்டுக்கு 1.25 லட்சம் போக மீதிக்கு 12.5%. அதற்குள் விற்றால் (குறுகியகால ஆதாயம்) 20%. நிலம், வீடு, தங்கம், பட்டியலிடாத பங்கு ஆகியவற்றை 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் 12.5%.

இந்தத் தனி விகித ஆதாயங்களுக்கும் டிவிடெண்டுக்கும் சர்சார்ஜ் 15%க்கு மேல் போகாது. ஆகவே எவ்வளவு பெரிய வருமானமாக இருந்தாலும் ஈக்விட்டியின் நீண்டகால ஆதாயத்துக்கு மொத்த வரி 14.95%தான். இதே ஆள் வங்கி வட்டிக்கு 39% கட்டுகிறார். 7% வட்டி தரும் டெபாசிட், வரி போக அவர் கைக்கு 4.27% மட்டுமே தருகிறது. கணக்குக்காக 6.5% தரும் ஆர்பிட்ரேஜ் ஃபண்டை (ஒரே பங்கின் இரண்டு சந்தை விலைகளுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தில் லாபம் பார்ப்பது) ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தால், ஈக்விட்டி விகிதப்படி வரி போக 5.5% நிற்கும். வங்கி வைப்பு போல இதற்கு உறுதியான வருமானம் இல்லை என்பது உண்மை. ஆனாலும் பெரிய ஸ்லாபில் இருப்பவர் தன் சும்மா கிடக்கும் பணத்தை எல்லாம் வங்கியிலேயே போட்டு வைப்பதற்கு, பழக்கத்தைத் தவிர வேறு காரணம் இருப்பதாகத் தெரியவில்லை.

கடன் ஃபண்டுக்கும் ஸ்லாப் விகிதம்தான் என்றாலும் வங்கி வைப்பைவிட ஒரு வசதி கூடுதல். வைப்பில் ஆண்டுதோறும் வட்டி சேரச் சேர வரி கட்ட வேண்டும், பணம் கைக்கு வராவிட்டாலும். ஃபண்டில் விற்கும் ஆண்டில்தான் வரி. ஓய்வு பெற்று வருமானம் குறைந்த பிறகு விற்பதாகத் திட்டமிட்டால் இந்த ஒத்திவைப்புக்கு நல்ல மதிப்பு உண்டு.

காப்பீட்டுப் பாலிசிகளை 'வரியில்லா வருமானம்' என்று சொல்லி விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2021 பிப்ரவரி 1க்குப் பிறகு எடுத்த யூலிப் (காப்பீடும் சந்தை முதலீடும் சேர்ந்தது) பாலிசிகளில் ஆண்டு பிரீமியம் 2.5 லட்சத்தைத் தாண்டினாலோ, 2023 ஏப்ரல் 1க்குப் பிறகு எடுத்த மற்ற ஆயுள் பாலிசிகளின் பிரீமியம் மொத்தமாக 5 லட்சத்தைத் தாண்டினாலோ, முதிர்வுத் தொகைக்கான விலக்கு போய்விடும். இறப்புக்குப் பின் வாரிசுக்கு வரும் தொகைக்கு மட்டும் வரி இல்லை.

மூன்றாவது: நிலம் அல்லது வீடு விற்கும் முன் செய்ய வேண்டிய கணக்கு

இங்கேதான் ஒரே நாளில் பல லட்சம் போகவும் மிஞ்சவும் செய்கிறது. ஆகவே அவசரப்படாமல் பாருங்கள்.

நிலைக் கழிவு போகச் சம்பளம் 45 லட்சம் உள்ள ஒருவர், மனை விற்று 60 லட்சம் நீண்டகால ஆதாயம் பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்த வருமானம் 1.05 கோடி. சம்பளத்துக்கு 9.3 லட்சம் வரி, ஆதாயத்துக்கு 7.5 லட்சம், ஆக 16.8 லட்சம். மொத்தம் 1 கோடியைத் தாண்டியதால் 15% சர்சார்ஜ், சம்பளத்தின் வரியையும் சேர்த்து விழுகிறது. செஸ்ஸோடு கட்ட வேண்டியது 20.09 லட்சம்.

'மார்ச்சில் பாதி, ஏப்ரலில் பாதி என்று இரண்டு மனையாகப் பிரித்து விற்றுவிடுங்கள், வரி குறையும்' என்று பலரும் சொல்வார்கள். போட்டுப் பார்ப்போம். ஒவ்வோர் ஆண்டும் வருமானம் 75 லட்சம், வரி 13.05 லட்சம், 10% சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து 14.93 லட்சம். இரண்டு ஆண்டுக்கு 29.86 லட்சம். ஒரே ஆண்டில் விற்றிருந்தால்? முதல் ஆண்டு 20.09 லட்சம், இரண்டாம் ஆண்டு சம்பளத்துக்கு மட்டும், சர்சார்ஜே இல்லாமல், 9.67 லட்சம். மொத்தம் 29.76 லட்சம். பிரித்ததால் 9,000 ரூபாய்க்கு மேல் கூடுதலாகத்தான் போனது. காரணம், பிரித்தபோது இரண்டு ஆண்டுகளின் சம்பள வரியும் சர்சார்ஜுக்குள் வந்துவிட்டது. எண்கள் வேறாக இருந்தால் விடையும் மாறலாம். காதில் விழுந்த விதியை நம்பாமல் உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

இதே ஆள் 54இசி பாண்டில் 50 லட்சம் போட்டால் என்ன ஆகும்? நிலம், கட்டடத்தின் நீண்டகால ஆதாயத்துக்கு மட்டும் உரிய சலுகை இது. விற்ற நாளிலிருந்து 6 மாதத்துக்குள் ஆர்.இ.சி., பி.எஃப்.சி., ஐ.ஆர்.எஃப்.சி. போன்ற அரசு நிறுவனங்களின் பாண்டில் 50 லட்சம் வரை போடலாம். 5 ஆண்டு பூட்டு, வட்டி 5.25%, அந்த வட்டிக்கு வரி உண்டு. வரிக்குரிய ஆதாயம் 10 லட்சமாகச் சுருங்கி, மொத்த வருமானம் 55 லட்சமாகிறது. சர்சார்ஜும் 10% ஆகிறது. வரி 12.07 லட்சம். 8 லட்சம் மிச்சம். வரியைக் கட்டிவிட்டு மீதி 42 லட்சத்தை வேறெங்காவது போடுவதோடு ஒப்பிட்டால், அந்த முதலீடு வரி போக ஆண்டுக்குச் சுமார் 7% தந்தால்தான் பாண்டுக்கு ஈடாகும். பூட்டுக் காலத்தில் பணம் தேவைப்படாதவருக்கு இது நல்ல பேரம். அந்த 5 ஆண்டுக்குள் பாண்டை அடகு வைத்துக் கடன் வாங்கினால், விற்றதாகவே கருதப்பட்டு விலக்கு பறிபோகும். பலர் தடுக்கி விழும் இடம் இது.

வீடு வாங்கி விலக்கு பெற 54, 54எஃப் என்று இரண்டு பிரிவுகள். வீட்டை விற்று வீடு வாங்கினால் 54. ஆதாயத் தொகையை மட்டும் போட்டால் போதும். மனை, பங்கு, தங்கம் விற்று வீடு வாங்கினால் 54எஃப். அதில் ஆதாயத்தை மட்டும் போட்டால் போதாது, விற்பனைத் தொகை முழுவதையும் போட வேண்டும். குறைவாகப் போட்டால் அதே விகிதத்தில்தான் விலக்கு. இரண்டுக்கும் உச்ச வரம்பு 10 கோடி. விற்பதற்கு ஓராண்டு முன்போ இரண்டு ஆண்டு பின்போ வாங்க வேண்டும், கட்டுவதானால் மூன்று ஆண்டு. விற்ற நாளில் உங்கள் பெயரில், புதிய வீட்டைத் தவிர, ஒன்றுக்கு மேல் குடியிருப்பு வீடு இருந்தால் 54எஃப் கிடைக்கவே கிடைக்காது. முதலீடாக இரண்டு மூன்று ஃப்ளாட் வாங்கிப் போட்டிருப்பவர்கள் இதைப் பங்கை விற்ற பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் வீடு அமையவில்லை என்றால், பணத்தை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்குத் திட்டத்தின் கீழ் போட்டாக வேண்டும். சாதாரண சேமிப்புக் கணக்கிலோ டெபாசிட்டிலோ வைத்திருந்தால் அது கணக்கில் சேராது. புதிய வீட்டை மூன்று ஆண்டுக்குள் விற்றாலும் விலக்கு திரும்பி வந்து வரியாகும். வாங்குவது உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். மனைவி பெயரில் மட்டும் வாங்கினால் வழக்கு வரை போக நேரலாம்.

பழைய சொத்துக்கு இன்னொரு கணக்கு. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய நிலம், கட்டடத்துக்கு, இந்தியாவில் வசிப்பவர், பணவீக்கக் குறியீட்டால் அடக்கவிலையை உயர்த்தி 20%, உயர்த்தாமல் 12.5% என்ற இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம். வெளிநாட்டில் வசிப்பவருக்கு இந்தத் தேர்வு இல்லை. 2001க்கு முன்பே குடும்பத்தில் இருக்கும் சொத்து என்றால், 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை அடக்கவிலையாக எடுக்கலாம். ஆனால் அன்றைய முத்திரைத்தாள் மதிப்பைத் தாண்டக் கூடாது. 2001-02ஐ 100 என்று கொண்டால் 2025-26இன் குறியீட்டு எண் 376. ஆகவே 2001 மதிப்பைப்போல் சுமார் 8.4 மடங்குக்குக் கீழ் விலை போனால் குறியீட்டோடு 20% வரி கட்டுவது சிக்கனம், அதற்கு மேல் போனால் 12.5% வரி கட்டுவது சிக்கனம். 10 லட்சம் மதிப்புள்ள சொத்து 80 லட்சத்துக்குப் போனால் முதல் வழியில் 8.48 லட்சம், இரண்டாம் வழியில் 8.75 லட்சம்.

அரசின் வழிகாட்டி மதிப்பு, பத்திரத்தில் காட்டும் விலையைவிட 10%க்கு மேல் கூடினால், 50சி பிரிவின்படி வழிகாட்டி மதிப்பையே விற்பனை விலையாகக் கொண்டு வரி போடுவார்கள். வாங்குபவருக்கும் அந்த வித்தியாசம் வருமானமாகும். தமிழ்நாட்டில் பதிவுத் துறையின் இணையதளத்தில் தெருவாரியாக மதிப்பைப் பார்க்கலாம். பேரம் முடிக்கும் முன் பாருங்கள்.

நான்காவது: குடும்பத்தில் யார் பெயரில்?

மனைவிக்கோ கணவருக்கோ பணம் கொடுத்தால் அதற்கு வரி இல்லை. ஆனால் அந்தப் பணத்தில் வரும் வருமானம் கொடுத்தவரின் கணக்கிலேயே சேரும். மருமகளுக்குக் கொடுத்தாலும் அப்படித்தான். 18 வயது நிரம்பாத பிள்ளையின் வருமானம், பெற்றோரில் அதிக வருமானம் உள்ளவரோடு சேரும்.

பெற்றோருக்கும் 18 வயது நிரம்பிய பிள்ளைகளுக்கும் கொடுப்பது இந்த விதிக்குள் வராது. வேறு வருமானம் இல்லாத தாய்க்கு 50 லட்சம் கொடுத்து, அவர் 7% வைப்பில் போட்டால் ஆண்டுக்கு 3.5 லட்சம் வட்டி. அவருக்கு வரி இல்லை. 34.32% கட்டும் மகன் பெயரில் இருந்தால் 1.2 லட்சம் வரி. புதிய முறையில் 12 லட்சம் வரை ஸ்லாப் வருமானத்துக்கு முழுத் தள்ளுபடி இருப்பதால், 1.7 கோடி வரைகூட இந்த வழி செல்லும். மூத்த குடிமகன் என்றால் வங்கியில் 15எச் படிவம் கொடுத்து டி.டி.எஸ். (வட்டியிலேயே வங்கி பிடிக்கும் வரி) பிடிக்காமல் தடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் இது நிஜமான தானம். பணம் அம்மாவுடையது ஆகிவிடுகிறது. அவர் உயில் எழுதாமல் காலமானால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி கணவர், மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. கொடுத்த மகனுக்கு மட்டும் திரும்பாது. ஆகவே வங்கி வழியாகக் கொடுங்கள், தானக் கடிதம் எழுதி வையுங்கள், அம்மாவின் விருப்பம் எதுவோ அதை உயிலாக எழுதச் சொல்லுங்கள். நாமினி போட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமைதான் நாமினிக்கு, சொந்தம் வாரிசுக்கு.

ஐந்தாவது: மார்ச் 31க்கு முன் பங்குக் கணக்கில்

நஷ்டத்தில் இருக்கும் பங்கை விற்று, லாபத்தோடு கழித்துக்கொள்ளலாம். குறுகியகால நஷ்டத்தை இரண்டு வகை ஆதாயத்தோடும் கழிக்கலாம். நீண்டகால நஷ்டத்தை நீண்டகால ஆதாயத்தோடு மட்டுமே. அதே பங்கு உங்களுக்கு வேண்டும் என்றால் மறுநாள் வாங்குங்கள். அன்றே வாங்கினால் அது நாள்வணிகமாகி, ஊக வணிகக் கணக்கில் போய்விடும், மூலதன நஷ்டமாகாது. 1.25 லட்சம் விலக்கை ஒவ்வோர் ஆண்டும் லாபம் எடுத்துப் பயன்படுத்துங்கள். ஆண்டுக்கு 18,000 ரூபாய் அளவுதான் என்றாலும், விட்டுவிட்டால் அடுத்த ஆண்டுக்குச் சேராது.

ஆறாவது: வெளிநாட்டுச் சொத்து

அமெரிக்க நிறுவனங்களின் பங்கைச் சம்பளத்தோடு பெறும் ஐ.டி. ஊழியர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய பகுதி. இந்தியாவில் வழக்கமாக வசிப்பவர், வெளிநாட்டுப் பங்கு ஒன்றே ஒன்று இருந்தாலும் ரிட்டர்னில் அதற்கான அட்டவணையில் காட்ட வேண்டும். அந்த அட்டவணை ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான கணக்கு, நிதியாண்டு அல்ல. காட்டத் தவறினால் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் அபராதம் வரலாம். அசையாச் சொத்து நீங்கலாக, மொத்த மதிப்பு 20 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் 2024 அக்டோபர் முதல் அபராதத் தளர்வு உண்டு. டிவிடெண்டில் அமெரிக்கா பிடிக்கும் 25% வரியை இங்கே கழித்துக்கொள்ளப் படிவம் 67 தாக்கல் செய்ய வேண்டும். இன்னொன்று: அமெரிக்கக் குடிமக்கள் அல்லாத, அங்கே வசிக்காத ஒருவர் 60,000 டாலருக்கு மேல் அமெரிக்கப் பங்குகளோடு இறந்தால், அந்நாட்டின் எஸ்டேட் வரி 40% வரை விழும். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இதற்கு ஒப்பந்தம் இல்லை.

முதலீட்டுக்காக வெளிநாட்டுக்கு ஆண்டில் 10 லட்சத்துக்கு மேல் அனுப்பினால், மேலதிகத் தொகையில் 20% வங்கி பிடித்துக்கொள்ளும். அது கூடுதல் வரி அல்ல. ஜூன் முதல் கட்டும் முன்வரித் தவணையில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள், ரீஃபண்டுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

தவணையும் தாக்கலும்

முன்வரியாக, ஆண்டின் உத்தேச வரியில் ஜூன் 15க்குள் 15%, அதையும் சேர்த்துச் செப்டம்பர் 15க்குள் 45%, டிசம்பர் 15க்குள் 75%, மார்ச் 15க்குள் 100%. தவறினால் மாதம் 1% வட்டி. எதிர்பாராமல் வந்த மூலதன ஆதாயம், டிவிடெண்ட் ஆகியவற்றுக்கு முந்தைய தவணைகளில் கட்டவில்லை என்று வட்டி கிடையாது, அடுத்து வரும் தவணையில் கட்டிவிட்டால் போதும். மார்ச் 15க்குப் பிறகு வந்தால் மார்ச் 31க்குள்.

தாக்கலுக்கு முன் வருமான வரி போர்ட்டலில் ஆண்டுத் தகவல் அறிக்கையை (உங்கள் வட்டி, பங்கு, சொத்துப் பரிவர்த்தனைகளைத் துறை திரட்டிய பட்டியல்) இறக்கி, ஒவ்வொரு பதிவாக உங்கள் கணக்கோடு ஒப்பிடுங்கள். கூட்டுக் கணக்கில் இரண்டாம் பெயராக மட்டும் இருந்தவரின் மேல் முழு வட்டியும் ஏறியிருப்பது அடிக்கடி நடக்கும். அங்கேயே மறுப்பைப் பதிவு செய்யலாம். வருமானம் 1 கோடியைத் தாண்டினால் சொத்து, கடன் விவரமும் அடக்கவிலையில் தர வேண்டும். நஷ்டத்தை அடுத்த 8 ஆண்டுகளுக்குக் கொண்டுபோக வேண்டுமானால் கெடுவுக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் அந்த உரிமை போய்விடும். தாக்கல் செய்த 30 நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. மூலம் சரிபார்ப்பை முடியுங்கள். அதை விட்டுவிட்டால் கெடு நாளுக்கு முன் தாக்கல் செய்ததும் தாமதத் தாக்கலாகிவிடக்கூடும்.